ஐடிஇ-க்குள் தரவுத்தளம்: இணைப்பு முதல் கமிட் வரை

[திரையில்: இடப்புறம் நிரல் கோப்பு, வலப்புறம் காலியான தரவுத்தளப் பலகம்]

வணக்கம். ஐடிஇ எனப்படும், நிரல் எழுதி இயக்கும் மென்பொருளை விட்டு வெளியேறாமலே தரவுத்தளத்துடன் இணைவது எப்படி, அப்படி இணையும்போது உள்ளே என்ன நடக்கிறது என்பதை இந்த வீடியோவில் பார்க்கப் போகிறோம். இன்டெலிஜே ஐடியாவின் அல்டிமேட் சந்தாவில் இதற்கென ‘டேட்டாபேஸ்’ பலகம் உண்டு. நெட்பீன்ஸில் அதே வேலையைச் ‘சர்வீசஸ்’ சாளரம் செய்கிறது. விஎஸ் கோட் பயன்படுத்துவோருக்கு எஸ்கியூஎல்டூல்ஸ் போன்ற நீட்டிப்புகள் உள்ளன. பொத்தான்கள் இருக்கும் இடம்தான் மாறுகிறது. அடியில் நடப்பது பெரும்பாலும் ஒன்றே. எடுத்துக்காட்டுகளுக்கு இன்று போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளை எடுத்துக்கொள்வோம்.

ஒன்றை முதலிலேயே தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. ஐடிஇ-யில் தெரியும் அந்தப் பலகம் தரவுத்தளத்தின் ஒரு பகுதியன்று. தரவுத்தளத்தை இயக்கும் சர்வரைப் பொறுத்தவரை அது கடவுச்சொல்லோடு வந்து கதவைத் தட்டும் இன்னொரு கிளையண்ட், அதாவது சேவை கேட்டு வரும் நிரல், மட்டுமே. பின்னால் வரும் குழப்பங்களில் பாதி இதை மறப்பதால் வருபவை.

[திரையில்: புதிய இணைப்புக்கான படிவம்]

இணைப்புக்கு முதல் தேவை டிரைவர், அதாவது நிரலுக்கும் தரவுத்தளத்துக்கும் இடையே மொழிபெயர்க்கும் சிறு மென்பொருள். ஜாவா உலகில் இதற்கான பொது இடைமுகம் ஜேடிபிசி. 1997-இல் ஜேடிகே 1.1-உடன் வந்தது. ஒவ்வொரு தரவுத்தளத்துக்கும் தனித்தனி ஜார் (ஜாவா நிரல் தொகுப்பு) கோப்பாக டிரைவர் கிடைக்கிறது. இன்டெலிஜே அதைத் தானே தரவிறக்கித் தர முன்வரும்; வேறு சில கருவிகளில் ஜார் கோப்பு இருக்கும் இடத்தை நாமே காட்ட வேண்டியிருக்கும். ‘நோ சூட்டபிள் டிரைவர்’ என்ற பிழை வந்தால், ஜார் ஏற்றப்படவில்லை, அல்லது முகவரியின் தொடக்கப் பகுதி எந்த டிரைவருக்கும் பொருந்தவில்லை என்று கொள்ளலாம். அந்த நிலையில் கோரிக்கை சர்வரை எட்டவே இல்லை என்பதால், சர்வரைச் சோதித்துப் பயனில்லை.

அடுத்தது முகவரி. எந்த வகைத் தரவுத்தளம், எந்தக் கணினி, எந்தப் போர்ட் (அந்தக் கணினியில் சர்வர் கேட்கும் வாயில் எண்), எந்தத் தரவுத்தளப் பெயர் என்ற நான்கும் ஒரே வரியில் அடங்கும். வழக்கமான போர்ட் எண் போஸ்ட்கிரெஸுக்கு 5432, மைஎஸ்கியூஎல்-க்கு 3306, எஸ்கியூஎல் சர்வருக்கு 1433, ஆரக்கிளுக்கு 1521. எஸ்கியூலைட்டுக்குப் போர்ட்டும் இல்லை, சர்வரும் இல்லை. கோப்பின் பாதையைக் கொடுத்தால் போதும்.

[திரையில்: ‘டெஸ்ட் கனெக்ஷன்’ பொத்தானும் சிவப்பில் ஒரு பிழைச் செய்தியும்]

இணைப்பைச் சோதிக்கும்போது வரும் பிழைச் செய்தியைப் படிக்காமல் மூடிவிடுவது பலரது வழக்கம். ஆனால் கோரிக்கை எங்கே நின்றுபோனது என்பதை அந்தச் செய்திதான் சொல்கிறது. ‘கனெக்ஷன் ரெஃப்யூஸ்ட்’ என்றால், பெரும்பாலும் கணினியை எட்டிவிட்டோம், அந்தப் போர்ட்டில் கேட்க ஆளில்லை என்று பொருள். போஸ்ட்கிரெஸ் இயல்பாக உள்கணினி இணைப்புகளுக்கு மட்டுமே செவிகொடுக்கும் என்பதால், வேறு கணினியிலிருந்து இணைவோருக்கு இது அடிக்கடி நேர்கிறது. பதிலே வராமல் நேரம் கடந்துபோனால், நடுவில் ஒரு ஃபயர்வால் கோரிக்கையை ஓசையின்றி விழுங்கியிருக்க வாய்ப்பு அதிகம். ‘பாஸ்வேர்ட் ஆதென்டிகேஷன் ஃபெயில்ட்’ என்று வந்தால் சர்வரே பதில் தந்துவிட்டது. ஆயினும் கடவுச்சொல்தான் தவறு என்று அவசரமாக முடிவுகட்ட வேண்டாம். அந்தப் பெயரில் பயனரே இல்லாதபோதும் போஸ்ட்கிரெஸ் இதே செய்தியைத்தான் காட்டும். உண்மைக் காரணம் சர்வரின் பதிவுக் கோப்பில் மட்டும் இருக்கும்.

டெபியன், உபுண்டு கணினிகளில் புதிதாக நிறுவியவர்களை இன்னொன்றும் திகைக்க வைக்கும்: டெர்மினலில் கடவுச்சொல்லே இல்லாமல் உள்ளே போக முடிகிறது, ஐடிஇ-யிலோ அதே பயனர்பெயர் நிராகரிக்கப்படுகிறது. டெர்மினல் கிளையண்ட், ஒரே கணினிக்குள் நிரல்கள் பேசிக்கொள்ளும் யூனிக்ஸ் சாக்கெட் வழியாகச் செல்லும். அங்கே இயங்குதளப் பயனர்பெயரே அடையாளமாக ஏற்கப்படுகிறது. ஜேடிபிசி டிரைவர் இயல்பாக டிசிபி எனும் நெட்வொர்க் வழியே செல்வதால், சர்வர் அதனிடம் கடவுச்சொல் கேட்கிறது. ‘போஸ்ட்கிரெஸ்’ என்ற பயனருக்கோ தொடக்கத்தில் கடவுச்சொல் எதுவும் அமைக்கப்பட்டிருப்பதில்லை. டெர்மினலில் ஒருமுறை அதை அமைத்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது.

[திரையில்: விரியும் ஸ்கீமா, அட்டவணைகள், நெடுவரிசைகள்]

இணைந்தவுடன் ஐடிஇ சர்வரின் அட்டவணைப் பெயர்களையும் நெடுவரிசை வகைகளையும் படித்துத் தன்னிடம் ஒரு நகலாக வைத்துக்கொள்கிறது. வினவல் எழுதும்போது வரும் பரிந்துரைகள் அந்த நகலிலிருந்தே வருகின்றன. வெளியே யாராவது அட்டவணையை மாற்றியிருந்தால், புதுப்பிக்கும் வரை பலகம் பழைய வடிவத்தையே காட்டக்கூடும்.

இனி, அதிகக் கவனம் வேண்டிய பகுதி: டிரான்சாக்ஷன். சேர்த்தே நிலைபெறும் அல்லது சேர்த்தே கைவிடப்படும் கட்டளைகளின் தொகுப்பு அது; அதை நிலைபெறச் செய்வதே கமிட். ஜேடிபிசி இணைப்புகள் இயல்பாக ஆட்டோகமிட் நிலையில் இருக்கும். அதாவது, ஒவ்வொரு கட்டளையும் வெற்றிகரமாக முடிந்த கணமே நிலைபெற்றுவிடும். எந்த வரிசைகளை மாற்ற வேண்டும் என்று சொல்லும் ‘வேர்’ (WHERE) நிபந்தனையை எழுத மறந்து ‘அப்டேட்’ கட்டளையை இயக்கினால், திரும்பப் பெற வழியில்லை. இதற்கு அஞ்சிப் பலர் கைமுறை கமிட்டுக்கு மாறுகிறார்கள். அது நல்ல பழக்கம்தான்; ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு.

[திரையில்: அருகருகே இரண்டு கன்சோல்கள்]

இடப்புறக் கன்சோலில் கைமுறை நிலையில் ஒரு சாதாரண ‘செலக்ட்’ வினவலை இயக்கிவிட்டு, கமிட் செய்யாமல் விட்டுவிடுகிறோம். வலப்புறத்தில், வேறொரு இணைப்பில், அதே அட்டவணைக்கு ஒரு நெடுவரிசையைச் சேர்க்க முயல்கிறோம். கட்டளை நகரவில்லை. போஸ்ட்கிரெஸில் வெறுமனே படிக்கும் வினவலும் அட்டவணையின் மீது ஒரு மென்மையான பூட்டைப் போடுகிறது, டிரான்சாக்ஷன் முடியும் வரை அது விலகாது. ‘ஆல்டர் டேபிள்’ கேட்பதோ முழுமையான பூட்டு. இன்னும் மோசம், காத்திருக்கும் அந்தக் கட்டளைக்குப் பின்னால் வரும் புதிய வினவல்களும் அதே அட்டவணைக்காக வரிசையில் நிற்கத் தொடங்கும். சர்வரின் செயல்பாட்டுப் பட்டியலைப் பார்த்தால், நமது இடப்புற இணைப்பு ‘ஐடில் இன் டிரான்சாக்ஷன்’ என்ற நிலையில் இருக்கும். இத்தகைய இணைப்புகளைக் குறிப்பிட்ட நேரத்துக்குப் பின் துண்டிக்கும் அமைப்பு போஸ்ட்கிரெஸ் 9.6 முதல் உள்ளது. பலர் கூடிப் பயன்படுத்தும் சர்வரில் அதை அமைத்துவைப்பது விவேகம்.

உண்மையான பயனர்களின் தரவு உள்ள சர்வருக்கு என் பரிந்துரை, படிக்க மட்டும் உரிமை பெற்ற ஒரு தனிப் பயனரை உருவாக்கி, ஐடிஇ-யில் அந்தப் பெயரில் மட்டும் இணைவது. இணைப்புக்குச் சிவப்பு நிறம் பூசும் வசதி சில கருவிகளில் உண்டு. பயனுள்ளதுதான், ஆனால் நிறத்தை நாம் கவனிக்காமல் விடலாம், சர்வர் மறுக்கும் உரிமையை மீற முடியாது. கடவுச்சொல்லை இயங்குதளத்தின் பாதுகாப்புப் பெட்டகத்தில் சேமியுங்கள். குழுவினர் நிரலைப் பகிரும் கிட் களஞ்சியத்துக்குள் செல்லும் அமைப்புக் கோப்பில் எழுதாதீர்கள்.

[திரையில்: அட்டவணையை மாற்றும் படிவம், கீழே அது உருவாக்கும் எஸ்கியூஎல்]

அட்டவணையின் அமைப்பையும் பலகத்திலேயே சுட்டியால் மாற்றிவிடலாம். சொந்தக் கணினியில் சோதித்துப் பார்க்க இது அருமையான வழி. ஆனால் அப்படிச் செய்த மாற்றம் எந்தக் கோப்பிலும் பதிவாவதில்லை. அடுத்தவரின் கணினியில் நிரல் உடையும்போதுதான் அது தெரியவரும். ஆகவே, படிவம் கீழே காட்டும் எஸ்கியூஎல் (தரவுத்தளக் கட்டளை மொழி) வரிகளை நகலெடுத்து, ஃப்ளைவே அல்லது லிக்விபேஸ் போன்ற கருவி படிக்கும், அமைப்பு மாற்றங்களை வரிசையாகப் பதிந்துவைக்கும் இடம்பெயர்வுக் கோப்பில் ஒட்டுங்கள். படிவத்தை ‘கேன்சல்’ செய்துவிட்டு, மாற்றத்தை அந்தக் கோப்பின் வழியாகவே இயக்குங்கள்.