செங்கல்லுக்கு ஒரு பதிலடி: சுப்ரீமை வளர்த்தது தெருவே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். பொங்கல் வாழ்த்துகள்.

"சுப்ரீம் என்ற ஸ்கேட்போர்டு உடை நிறுவனத்தை வளர்த்தது தெருவே" என்பது எங்கள் அணி. "கடையே" என்பது எதிரணி. நியூ ஜெர்சியில் இத்தனை தமிழர்கள் கூடிப் பேச வேறு தலைப்பே கிடைக்கவில்லையா என்று முன்வரிசையில் ஒரு பெரியவர் முகத்தைச் சுளிக்கிறார். ஐயா, உங்கள் பேரன் போட்டிருக்கிற பனியனில் சிவப்புப் பெட்டிக்குள் வெள்ளை எழுத்தில் ஒரு பெயர் இருக்கிறதே, அதுதான் தலைப்பு. அதன் விலையை இப்போது கேட்டுவிடாதீர்கள். சாப்பிட்டுவிட்டுக் கேளுங்கள்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: ஸ்கேட்போர்டு என்பது சக்கரம் வைத்த பலகை, அதில் ஏறி நின்று சறுக்குவது ஸ்கேட்டிங். 1994 ஏப்ரலில் நியூயார்க்கில், மன்ஹாட்டனின் லஃபாயெட் தெருவில் ஜேம்ஸ் ஜெபியா சுப்ரீம் என்று ஒரு கடை திறந்தார். இங்கிலாந்தில் வளர்ந்தவர். போட்ட முதல் சுமார் 12,000 டாலர். அப்போது அந்தப் பக்கம் ஓய்ந்து கிடந்தது. ஒரு பழம்பொருள் கடை, ஒரு தீயணைப்பு நிலையம், அவ்வளவுதான் பேர் சொல்ல. எதிரணியின் முதல் பேச்சாளர் ஒரு பெரிய குண்டைப் போட்டார். ஜெபியாவுக்கு ஸ்கேட்டிங்கே தெரியாதாம். அவர் முழுக்க முழுக்க வியாபாரி என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா என்று கேட்டார்.

தம்பி, ரொம்ப நன்றி. நான் சொல்ல வேண்டியதை நீங்களே சொல்லிவிட்டீர்கள். ஸ்கேட்டிங் தெரியாத ஒருவர் ஸ்கேட் கடை வைத்து ஜெயித்தார் என்றால், அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் யார்?

வாருங்கள், கடைக்குள்ளே போய்ப் பார்ப்போம். துணிகள் எல்லாம் சுவரோரம். நடுவில் ஒன்றுமே கிடையாது. மன்ஹாட்டனில் சதுர அடிக்கு வாடகை கொடுத்துவிட்டு, நட்ட நடுவைக் காலியாக விட்ட வியாபாரியை எங்காவது பார்த்திருக்கிறீர்களா? முதுகில் பையும் காலடியில் பலகையுமாகத் தெருவிலிருந்து அப்படியே உருண்டு உள்ளே வருகிற பையன், எதிலும் இடிக்காமல் வந்து நிற்க வேண்டும். அதற்காக விட்ட இடம் அது. உள்ளே பாட்டு அலறும், டிவியில் ஸ்கேட் வீடியோ ஓடும். வேலைக்கு இருந்தவர்களும் அதே பையன்கள்தான்.

அவர்கள் வாடிக்கையாளரை நடத்திய விதம் இருக்கிறதே, அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். நடுவர் அவர்கள் மணியைச் சற்றுத் தள்ளி வைக்க வேண்டும்.

நமக்குத் தெரிந்த துணிக்கடை எது? தி.நகர். "மயில்கழுத்துக் கலரில் காட்டுங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மலை மாதிரி புடவைகளைப் பிரித்துப் போடுவார்கள். ஒன்றும் பிடிக்கவில்லை என்று எழுந்தாலும், "பரவாயில்லம்மா, கூல்டிரிங்க் சாப்பிட்டுட்டுப் போங்க" என்பார்கள். லஃபாயெட் தெருவில் நடந்தது இதற்கு நேர் எதிர். டி-ஷர்ட்டுகளை விளிம்பு பிசகாமல் மடித்து அடுக்கியிருப்பார்கள். நீங்கள் கையை நீட்டுவீர்கள். "தொடாதே" என்று ஒரு குரல் வரும். பார்க்கலாம், கை வைக்கக் கூடாது. அந்தக் கடைப் பையன்களின் முரட்டுத்தனம் நியூயார்க் முழுக்கப் பிரசித்தம்.

இந்த இடத்துக்கு நம் மாமா ஒருவரைக் கற்பனையில் அனுப்பிப் பார்க்கிறேன். மாமா உள்ளே போகிறார். "தம்பி, இதுல எக்ஸ்எல் இருக்கா?" பதில் இல்லை. பையன் டிவி பார்க்கிறான். "தம்பி, இது சுத்தக் காட்டனா?" என்று கேட்டுக்கொண்டே இரண்டு விரலால் துணியைத் தேய்க்கிறார். "தொடாதே!" "தொடாம எப்படிப்பா துணி வாங்கறது?" "வாங்காதே." மாமா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கோயிலைச் சுற்றுவதுபோல் கடையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வெளியே வருகிறார். வாசலில் நின்ற மாமி, "என்னங்க ஆச்சு?" என்கிறார். மாமா சொல்கிறார்: "ரொம்ப நல்ல கடை. அடுத்த வாரமும் வரணும்!"

சிரிக்கிறீர்கள். பின்வரிசைக்குச் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது, கடைசி வரியை மட்டும் திரும்பச் சொல்கிறேன். துணியைத் தொட விடவில்லை, சைஸ் சொல்லவில்லை, வாங்காதே என்றும் சொல்லியாகிவிட்டது. அப்படியும் மாமா "அடுத்த வாரமும் வரணும்" என்கிறார்! எந்த வணிகக் கல்லூரியில், எந்தப் பேராசிரியர் இந்தப் பாடத்தை நடத்துகிறார்? எதிரணியில் எம்பிஏ படித்தவர்கள் இருவர் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களே சொல்லட்டும். அந்தப் பையன்களுக்கு அது வேலை செய்கிற இடமாகத் தோன்றவில்லை, சொந்த வீடாகத் தோன்றியது. வீட்டுக்குள் முன்பின் தெரியாதவர் வந்து பொருளைப் புரட்டினால் யாருக்கும் கோபம் வரத்தானே செய்யும்?

துணியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்கேட்டிங் வளர்ந்தது கலிஃபோர்னியா வெயிலில். கடல் அலையில் சறுக்கியவர்கள் கரைக்கு வந்து, தண்ணீர் வற்றிய நீச்சல் குளங்களில் சறுக்கினார்கள். நியூயார்க்கில் படிக்கட்டும் கைப்பிடிக் கம்பியும் பளிங்குத் திண்ணையும்தான் மைதானம். அதன்மேல் குளிர்காலம் வேறு. காலையில் விழுந்து புரண்ட அதே கால்சட்டையோடுதான் சப்வே ரயிலில் போக வேண்டும், ராத்திரி நடனக் கூடத்துக்கும் நுழைய வேண்டும். அதனால் அந்தப் பையன்கள் கூலித் தொழிலாளி போடும் கார்ஹார்ட் சட்டையையும் பணக்காரப் பிள்ளை போடும் போலோவையும் கலந்து போட்டார்கள். ஜெபியா அதைப் பார்த்தார், அதற்கு ஏற்றபடி கெட்டியான துணியில் தைத்தார். பார்த்ததும் தைத்ததும் அவர் திறமை, மறுக்கவில்லை. பார்க்க அங்கே என்ன இருந்தது என்பதுதான் என் கேள்வி.

சரி, இப்போது செங்கல்லுக்கு வருகிறேன்.

எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? "2016இல் சுப்ரீம் ஒரு செங்கல்லில் தன் பெயரைப் பொறித்து 30 டாலருக்கு விற்றது. வாங்கியவர்கள் அதை இணையத்தில் ஆயிரம் டாலர் வரை விலை சொன்னார்கள். செங்கல்லையே காசாக்கியவன் வியாபாரி. தெருப் பையனுக்குத் தெரிந்ததெல்லாம் விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொள்வதுதான்" என்றார். அரங்கம் அதிர்ந்தது. நானே கைதட்டினேன்.

ஐயா, அந்தச் செங்கல்லை வாங்க நம் மாமாவும் வரிசையில் நின்றார். 30 டாலர் கொடுத்து வாங்கி வீட்டுக்குக் கொண்டு வந்தார். மாமி என்ன செய்வார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆயுதத்தைத் தேடி மாமி சமையலறைக்குப் போக வேண்டிய அவசியமில்லை, மாமாவே வாங்கி வந்திருக்கிறார்!

போகட்டும். செங்கல் என்றவுடன் உங்களுக்குக் கடைதானே நினைவுக்கு வந்தது? நியூயார்க்கில் எந்த ஸ்கேட்டரைக் கேட்டாலும் வேறு இடத்தைச் சொல்வார். புரூக்ளின் பாலத்துக்கு அடியில், மன்ஹாட்டன் பக்கம், செங்கல் பாவிய சரிவுகள் இருக்கின்றன. புரூக்ளின் பேங்க்ஸ் என்பார்கள். சுப்ரீம் பிறப்பதற்குப் பல வருடம் முன்பிருந்தே ஊர்ப் பையன்கள் விழுந்து எழுந்து பழகிய பள்ளிக்கூடம் அது. பாலத்தைப் பழுதுபார்க்க 2010இல் அதை அடைத்தபோது, திறந்துவிடுங்கள் என்று வருடக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ஸ்கேட்டர்கள். 2023இல் ஒரு பகுதி திறந்தது. ஐயா, நீங்கள் எங்கள்மேல் எறிந்த செங்கல் எங்கள் தெருவில் பெயர்த்தது! முட்டி தேய்ந்ததும் அந்தச் செங்கல்லில்தான். முட்டி தேய்ந்தவனின் மரியாதை அந்தச் சிவப்புப் பெட்டியில் ஒட்டியிருப்பதால்தான் 30 டாலர். பெட்டியை அழித்துவிட்டு அதே செங்கல்லைக் கடைக்கு வெளியே வைத்துப் பாருங்கள், யாராவது கதவு மூடாமலிருக்க முட்டுக் கொடுப்பார்கள்.

வியாழக்கிழமைக்கு வியாழக்கிழமை புதுச் சரக்கு, கொஞ்சம்தான் விற்பது, அதனால் வாசலில் வரிசை. இதெல்லாம் கடையின் தந்திரம்தான், எடுத்துக்கொள்ளுங்கள். லூயி வுய்ட்டான் கதையை மட்டும் தரமாட்டேன். தங்கள் சின்னம் மாதிரி ஒன்றைச் சுப்ரீம் பலகையில் அச்சடித்தது என்று 2000இல் அந்தப் பாரிஸ் ஆடம்பர நிறுவனம் வக்கீலை விட்டு மிரட்டியது. 2017இல் அதே நிறுவனம் சுப்ரீமோடு சேர்ந்து துணி விற்றது. யார் யாரைத் தேடி வந்தார்கள்?

கணக்கும் சொல்லிவிடுகிறேன், கடை அணிக்குக் கணக்குப் பிடிக்குமே. 2017இல் கார்லைல் என்ற முதலீட்டு நிறுவனம் ஏறக்குறையப் பாதிப் பங்கை 50 கோடி டாலருக்கு வாங்கியது. 2020இல் விஎஃப் என்ற பெரிய ஆடைக் குழுமம் முழுவதையும் 210 கோடி டாலருக்கு வாங்கியது. ஸ்கேட்டர்கள் போடும் வான்ஸ் ஷூவையே கையில் வைத்திருக்கிற நிறுவனம், அதைவிட வியாபாரத் திறமை எங்கே கிடைக்கும்? 2024இல் அதை 150 கோடி டாலருக்கு விற்றது. நான்கே வருடம், 60 கோடி டாலர் காணோம்! விற்றது யாருக்கு? எஸ்ஸிலோர்லக்சோட்டிகா என்ற மூக்குக்கண்ணாடிக் கம்பெனிக்கு. தெரு எங்கே இருக்கிறது என்று இனிமேலாவது தெளிவாகத் தெரியட்டும்!

சிரித்தது போதும். கடைசியாக ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஹரால்டு ஹன்டர். 1974இல் பிறந்தவர். கேம்போஸ் பிளாசா என்ற அரசுக் குடியிருப்பில் வளர்ந்த கறுப்பினப் பையன். அந்தத் தெருக் கூட்டத்தில் அவரைத் தெரியாதவர் இல்லை. ஒரு பலகை கிடைத்தது, ஊரே சொந்தமானது. தொழில்முறை ஸ்கேட்டர் ஆனார். அவரும் அவர் நண்பர் ஜஸ்டின் பியர்ஸும், அந்தக் கூட்டத்தின் வேறு சில பையன்களும் 1995இல் வெளிவந்த 'கிட்ஸ்' படத்தில் நடித்தார்கள். கடை திறந்த அதே 1994 கோடையில் எடுத்த படம். நடிப்புக்காக ஜஸ்டினுக்கு விருது கிடைத்தது. உலகம் முழுக்கப் பிள்ளைகள் அந்தப் பையன்கள் மாதிரி உடுத்த ஆசைப்பட்டார்கள். ஜஸ்டின் 2000இல் இறந்தபோது வயது 25. ஹரால்டின் இதயம் 2006 பிப்ரவரியில் போதைமருந்தால் நின்றது. வயது 31.

இந்த அரங்கில் எத்தனை அம்மாக்கள் இருக்கிறீர்கள். உங்கள் பிள்ளை பலகையோடு வாசலில் இறங்கினால் "படிக்கிற வேலையைப் பாரு" என்கிறோம், நானும் சொல்கிறேன். நம் பிள்ளை திரும்பி வர வீடு இருக்கிறது, சூடாகச் சோறு இருக்கிறது. அந்தப் பையன்களில் பலருக்குப் பள்ளி முடிந்தால் போக்கிடம் தெருதான். அந்தத் தெருவில் ஒரு கடைக்காரர் நடு இடத்தைக் காலியாக விட்டு வைத்தார். அதற்காக ஜெபியாவை நான் கும்பிடுகிறேன், எதிரணி இதையும் தங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளட்டும். ஆனால் அந்த இடத்தில் வந்து நின்றவர்கள் இல்லாமல் அது வெறும் தரை, அம்மா. ஹரால்டின் குடும்பமும் நண்பர்களும் 2007இல் அவர் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். நியூயார்க்கில் பலகையோடு திரிகிற வசதியில்லாத பிள்ளைகளுக்கு இன்றைக்கும் அது கைகொடுக்கிறது.

நடுவர் மணியை எடுத்துவிட்டார். அடுத்து எதிரணியிலிருந்து பேச வருகிறவருக்கு ஒரே கேள்வி. 210 கோடி டாலர் என்று விலை போட்டார்களே, அதில் ஹரால்டும் ஜஸ்டினும் சம்பாதித்துக் கொடுத்தது எத்தனை கோடி? கணக்குத் தெரிந்தவர்கள் நீங்கள்தான், எழுந்து வந்து சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.