வாசல் கூட்டாத புளூட்டோ

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். கோள் என்ற தகுதியைத் தருவது கண்டவரின் கண்ணா, வகுத்தவரின் வரையறையா என்ற வழக்கில் நான் கண்ணின் பக்கம்.

எதிரணித் தலைவர் அமரும் முன், "தன் வாசலைக் கூட்டத் தெரியாத புளூட்டோவுக்குக் கோள் பட்டம் எதற்கு?" என்றார், நீங்களும் கைதட்டினீர்கள். 2006 ஆகஸ்டில் பிராக் நகரில் கூடிய பன்னாட்டு வானியல் ஒன்றியம், சூரியனைச் சுற்றுவதும் உருண்டிருப்பதும் போதாது, தன் பாதையின் சுற்றுப்புறத்தையும் துப்புரவாக்கியிருக்க வேண்டும் என்று வாக்கெடுத்து முடிவு செய்தது. அதில்தான் புளூட்டோ தோற்றுக் குறுங்கோள் ஆயிற்று. சரி, வியாழனின் பாதையில் முன்னும் பின்னுமாக ஆயிரக்கணக்கான டிரோஜன் சிறுகோள்கள் உலவுகின்றனவே, அந்த வாசலை யார் கூட்டுவது? நெப்டியூன் கூட்டி முடித்துவிட்டது என்றால், 1979 முதல் 1999 வரை அதைவிடச் சூரியனுக்கு அருகில் புளூட்டோ வந்து உலவியது எப்படி? துப்புரவு என்றால் ஈர்ப்பால் ஆதிக்கம் செலுத்துவது என்று எதிரணி இனி விளக்கும். அப்படியே எழுதித் தொலைத்திருக்கலாமே! அது போகட்டும், சூரியனைச் சுற்றுவதே கோள் என்றால், வேறொரு விண்மீனைச் சுற்றும் 51 பெகாசி பி அந்த வாசகத்தின்படி கோளே அன்று; 1995இல் அதைக் கண்ட மேயருக்கும் கெலோவுக்கும் 2019இல் நோபல் பரிசு எதற்குக் கொடுத்தார்களோ!

புளூட்டோவைக் கண்ட கிளைட் டோம்பாவின் கதையைக் கேளுங்கள். உழவர் வீட்டுப் பிள்ளை. ஆலங்கட்டி மழையில் பயிரோடு கல்லூரிக் கனவும் போயிற்று. தாமே செய்த தொலைநோக்கியில் செவ்வாயையும் வியாழனையும் பார்த்து வரைந்து லோவல் வானாய்வகத்துக்கு அனுப்பினார், வேலை கிடைத்தது. என்ன வேலை? வெவ்வேறு இரவுகளில் எடுத்த இரண்டு ஒளிப்படத் தகடுகளைக் கருவியில் வைத்து, இதைப் பார், அதைப் பார், மறுபடி இதைப் பார். தகட்டில் பல்லாயிரம் விண்மீன் புள்ளிகள்; அவற்றுள் கோளைப்போல் இடம் மாறிய ஒன்றைத் தேட வேண்டும். ஆறு வித்தியாசங்கள் கண்டுபிடிக்கும் புதிரில் ஐந்தாவதோடு விடையைப் புரட்டிப் பார்க்கும் கூட்டம் நாம். அவருக்குப் புரட்ட விடைப் பக்கமே இல்லை. இதைப் பார், அதைப் பார். நாள்கள், வாரங்கள், மாதங்கள். 1930 பிப்ரவரி 18, பிற்பகல். இதைப் பார்த்தார், அதைப் பார்த்தார், ஒரு புள்ளி தாவியது! மறுபடி பார்த்தார், மறுபடியும் தாவியது! அப்போது அவருக்கு வயது 24. எந்த வாக்கெடுப்பும் அந்தப் புள்ளியைத் தாவச் சொல்லவில்லை, நடுவர் அவர்களே.

1997இல் அவர் மறைந்தார். அவருடைய சாம்பலில் ஒரு சிறு பகுதியைச் சுமந்துகொண்டு 2006 ஜனவரியில் நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் புளூட்டோவை நோக்கிப் புறப்பட்டது. ஏழு மாதங்களில் புளூட்டோவின் பட்டம் பறிக்கப்பட்டது. ஒன்பதரை ஆண்டுப் பயணத்துக்குப் பின், 2015 ஜூலை 14 அன்று, ஏறத்தாழ 12,500 கிலோமீட்டர் தொலைவில் அந்தச் சாம்பல் தன் புள்ளியைக் கடந்தது. அன்று புளூட்டோ காட்டிய முகத்தில் இதய வடிவில் ஒரு வெண்பரப்பு இருந்தது. அதற்கு இன்று டோம்பாவின் பெயர்.

கிளம்பும்போது அவர் ஒரு கோளுக்குத்தான் கிளம்பினார், நடுவர் அவர்களே. வழியில் யாரும் அவரிடம் மாற்றிச் சொல்லவில்லை. நன்றி.