எங்கள் வார்டு ஃபிரிட்ஜில் இருக்கும் காதல்

நடுவர் அவர்களே, பெரியவர்களே, தாய்மார்களே, வணக்கம். காதலை அறிவியல் விளக்கினால் அதன் மதிப்புக் குறைந்துபோகும் என்று எதிரணி பேசி முடித்துவிட்டது. குறையாது என்று பேச நான் வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய ஐயா, "ஆக்ஸிடாசின் சுரந்தால் காதல், வற்றினால் கல்தாவா? என் மனைவி முகத்தைப் பார்க்கும்போது கெமிஸ்ட்ரி பாடமா ஞாபகம் வரணும்?" என்று கேட்டார். அரங்கமே கை தட்டியது. நானும் தட்டினேன், பேச்சு அழகாக இருந்ததால்.

ஐயா, நான் பிரசவ வார்டு நர்ஸ். நீங்கள் பெயர் சொல்லிப் பயமுறுத்தும் ஆக்ஸிடாசின் உடம்பிலேயே சுரக்கும் ஒரு ஹார்மோன். அதுவே மருந்தாக எங்கள் வார்டு ஃபிரிட்ஜில், 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் நடுவில், குட்டிக் குட்டி ஆம்பூலில் இருக்கிறது. வலி போதாத பெண்ணுக்கு ட்ரிப்பில் கலந்து சொட்டுச் சொட்டாக ஏற்றுவோம். குழந்தை வெளியே வந்ததும் ரத்தப்போக்கு மிஞ்சாமல் இருக்க 10 யூனிட் போடுவோம். இத்தனை வருஷத்தில் அந்த ட்ரிப் ஏறும்போது ஒரு பெண்ணாவது யாரையாவது காதலோடு பார்த்திருப்பாளா? வாசலில் நிற்கும் வீட்டுக்காரருக்கு அந்த நேரத்தில் விழும் அர்ச்சனையை இந்த மேடையில் சொல்ல முடியாது!

ரத்தத்தில் ஏற்றும் ஆக்ஸிடாசின் மூளைக்குள் அவ்வளவாகப் போகாது. கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் அதன் வேலையைத்தான் ஹென்றி டேல் 1906-லேயே கண்டார். 1953-ல் அதை ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டிய வின்சென்ட் டு விக்னோ 1955-ல் நோபல் பரிசு வாங்கினார். ஒன்பது அமினோ அமிலம் கோர்த்த சின்னச் சரடு, அவ்வளவுதான். 'காதல் ஹார்மோன்' என்பது பத்திரிகைத் தலைப்புகள் ஒட்டிய பட்டம். தலைப்பு போட்டவர் மேல் வரவேண்டிய கோபத்தை ஆய்வு செய்தவர் மேல் காட்டலாமா?

அமெரிக்கப் புல்வெளிகளில் பிரெய்ரி வோல் என்று ஒரு எலி. ஆணும் பெண்ணும் ஒருமுறை ஜோடி சேர்ந்தால் கூடவே இருந்து குட்டிகளை வளர்க்கும். அந்தப் பிணைப்புக்கு ஆக்ஸிடாசின்தான் பசை என்று பல வருஷ ஆய்வுகள் சொல்லிவந்தன. கலிபோர்னியா விஞ்ஞானிகள் சிலர், ஆக்ஸிடாசினைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பியே இல்லாதபடி மரபணுவைத் திருத்தி வோல்களைப் பிறக்க வைத்தார்கள். 2023-ல் முடிவை வெளியிட்டார்கள். அந்த எலிகளும் ஜோடி சேர்ந்தன! காதலை ஒரே மருந்துக்குள் அடக்கிவிட்டார்கள் என்று ஐயா குற்றம் சாட்டினார். அடங்கவில்லை என்று கண்டுபிடித்துச் சொன்னதும் அதே அறிவியல்தானே?

"சிலதைக் கேட்காமல் விடுவதுதான் அழகு" என்று அந்த அணியின் அம்மா சொன்னார்கள். புதுசு இல்லை அம்மா. 1975-ல் வில்லியம் பிராக்ஸ்மயர் என்ற அமெரிக்க செனட்டர், மக்கள் பணம் வீணாகிறது என்று கிண்டலாக ஒரு 'விருது' கொடுக்க ஆரம்பித்தார். முதல் விருதே காதல் ஆய்வுக்கு ஒதுக்கிய 84,000 டாலருக்குத்தான். மனிதர் ஏன் காதலிக்கிறார் என்று யாருக்கும் தெரிய வேண்டாம் என்பது அவர் வாதம். அவருக்கு அந்தக் கூச்சம் இருக்கட்டும். நமக்கு எங்கே இருந்தது? முதல் சந்திப்பில் உடம்பில் என்னென்ன தெரியும் என்று தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் வரிசை போடுகிறார். 'பொறிநுதல் வியர்த்தல்' என்று நெற்றி வியர்வை வரைக்கும் குறித்துவைத்திருக்கிறார். அதற்குப் பிறகு தமிழன் காதலிப்பதை நிறுத்திவிட்டானா?

இனி ஐயாவின் பெரிய அஸ்திரம். "அறிவியல் கணக்குப்படி காதல் ஒன்றரை வருஷக் காய்ச்சல்" என்றார். அவர் மனதில் இருப்பது 1999-ல் இத்தாலியில் மராசிட்டி குழு செய்த ஆய்வு என்று நினைக்கிறேன். புதிதாகக் காதலில் விழுந்த 20 பேரின் ரத்தத்தில், செரோட்டோனின் என்ற நரம்புச் செய்தி கடத்தும் வேதிப்பொருள் தொடர்பான ஓர் அளவு, ஒரே எண்ணம் திரும்பத் திரும்ப வந்து வாட்டும் நோயாளிகளுக்கு இருப்பது போலவே குறைந்திருந்தது. பிறகு சிலரை 12 முதல் 18 மாதம் கழித்துப் பார்த்தால் அளவு சரியாகியிருந்தது. ஐயா இங்கே நிறுத்திக்கொண்டார். நான் நிறுத்த மாட்டேன். சராசரியாக 21 வருஷம் குடும்பம் நடத்தி, இன்னும் துணை மேல் தீராத ஆசை என்று சொன்ன 17 பேரின் மூளையை அமெரிக்காவில் ஸ்கேன் எடுத்தார்கள். துணையின் படத்தைக் காட்டியதும், புதுக் காதலர்களுக்கு வேலை செய்யும் அதே பகுதி, ஆசையைத் தூண்டும் டோபமைன் என்ற வேதிப்பொருள் சுரக்கும் பகுதி, இவர்களுக்கும் வேலை செய்தது. பதினேழே பேர், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காய்ச்சல் இறங்கியதும் எல்லாம் முடிந்தது என்று ஐயா சொல்வதை மறுக்க அந்தப் பதினேழு பேர் போதாதா? ஐயாவின் வீட்டம்மா முன்வரிசையில்தான் இருக்கிறார்கள், இதற்கு மேல் நான் கேட்கவில்லை.

மணி அடிக்கப் போகிறீர்கள் என்று தெரிகிறது, நடுவரே. ஒன்றே ஒன்று. ஒருநாள் ராத்திரி, மனைவிக்கு ட்ரிப் போடப் போகிறோம் என்றதும் ஒரு லாரி டிரைவர் என்னை வழிமறித்தார். "அது என்ன மருந்து சிஸ்டர்?" உடம்பில் தானாகவே ஊறுவதுதான், போதாததால் நாங்கள் கொஞ்சம் சேர்க்கிறோம், வலி வருவது இதனால்தான், பால் இறங்குவதும் இதனால்தான் என்று ஒன்று விடாமல் சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார். கேட்டு முடித்துவிட்டு, "சரிங்க சிஸ்டர். அவளுக்கு ஊசின்னா பயம். குத்தும்போது கையைக் கொஞ்சம் பிடிச்சுக்கோங்க" என்றார்.

நன்றி, வணக்கம்.