அளப்பவருக்குச் சம்பளம் யார் தருவது?

நடுவர் அவர்களே, அவையில் இருக்கும் பெரியோர்களே, எதிரணி நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

காற்றும் நீரும் மண்ணும் கெட்டால் நம் உடலும் மற்ற உயிர்களும் என்ன ஆகும் என்று ஆராயும் வேலை அரசிடம் இருக்க வேண்டுமா, தனியாரிடம் விட்டுவிடலாமா? இதுதான் இன்றைய தலைப்பு. அரசிடம்தான் இருக்க வேண்டும் என்று சொல்ல வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய நண்பர் நன்றாகவே பேசினார். தனியாரிடம் பணம் இருக்கிறது, பல்கலைக்கழகத்தில் அறிவு இருக்கிறது, அரசிடம் இருப்பது தாமதம் மட்டும்தான் என்றார். சரி, அவர் சொன்ன அந்தப் பணத்திலிருந்தே தொடங்குகிறேன்.

1920களில் அமெரிக்காவில், எஞ்சின் தட்டாமல் ஓடுவதற்காகப் பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலக்க ஆரம்பித்தார்கள். 1924இல் அதைத் தயாரித்த ஆலைகளில் தொழிலாளர்கள் சித்தம் கலங்கி, வலிப்பு வந்து இறந்தார்கள். மறு ஆண்டே அரசின் தலைமைச் சுகாதார மருத்துவர் மாநாடு கூட்டினார், ஒரு குழுவும் அமைந்தது. 1926இல் அந்தக் குழு இரண்டு விஷயம் சொன்னது. தடை செய்ய இப்போதைக்குப் போதிய காரணம் இல்லை என்பது ஒன்று. பாதிப்பு பல ஆண்டுகள் கழித்துத் தெரியவரலாம், ஆகவே அரசுப் பணத்தில் ஆய்வு தொடர வேண்டும் என்பது இன்னொன்று. முதல் பாதியை எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். இரண்டாம் பாதிக்குப் பணமே ஒதுக்கவில்லை.

அப்புறம் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் ஈயத்தை ஆராய்ந்தது யார்? சின்சினாட்டி பல்கலைக்கழகத்தின் கெட்டரிங் ஆய்வகமும் அதன் தலைவர் ராபர்ட் கீஹோவும். பணம் கொடுத்தவர்கள் ஈயப் பெட்ரோலால் லாபம் பார்த்த நிறுவனங்கள். மனித உடலில் ஈயம் இருப்பது இயல்பு, ஓர் அளவைத் தாண்டாதவரை கெடுதல் இல்லை என்றார் கீஹோ. நாடே அதை நம்பியது. நண்பர் கேட்ட இரண்டுமே அங்கே இருந்தன ஐயா, பணமும் இருந்தது, பல்கலைக்கழகமும் இருந்தது. அந்த நாற்பது ஆண்டுகளும் குழந்தைகள் புகைக்குழாய்களுக்குப் பக்கத்தில்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

1965இல் கிளேர் பேட்டர்சன் என்ற விஞ்ஞானி, நம் உடலில் இருக்கும் ஈயம் இயற்கை அளவைப்போல ஏறக்குறைய நூறு மடங்கு என்று எழுதினார். அவர் அரசு ஊழியர் இல்லையே என்று நண்பர் கேட்கலாம். இல்லைதான். ஆனால் எண்ணெய்த் தொழில் அவருடைய ஆய்வுக்குக் கொடுத்துவந்த பணம் அதோடு நின்றுபோனது.

வழக்கைத் தீர்த்தது என்ன தெரியுமா? ஒரு சாதாரண அரசுக் கணக்கெடுப்பு. 1976 முதல் 1980 வரை அமெரிக்க அரசு நாடு முழுக்கப் பல்லாயிரம் பேரை அழைத்து எடை பார்த்து, ரத்தம் எடுத்து, என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டுப் பதிவு செய்தது. பெட்ரோலில் ஈயம் குறையத் தொடங்கியிருந்த காலம் அது. மக்கள் ரத்தத்தில் இருந்த ஈயத்தின் சராசரி, அந்த நான்கே ஆண்டுகளில் ஏறக்குறைய 37 சதவீதம் இறங்கியிருந்தது. பெட்ரோலில் ஈயம் இறங்கிய கோட்டையும் ரத்தத்தில் இறங்கிய கோட்டையும் பக்கத்தில் வைத்தால் இரண்டும் கைகோத்துக்கொண்டு இறங்கின. 1980களின் தொடக்கத்தில் ஈயக் கட்டுப்பாட்டைத் தளர்த்தலாமா என்று அதே அரசு யோசித்துக்கொண்டிருந்தது. இந்தக் கணக்கு வந்த பிறகு தளர்த்தும் பேச்சு அடங்கியது. 1985இல் விதியை இன்னும் இறுக்கினார்கள். கார்களுக்கான ஈயப் பெட்ரோலை உலகில் கடைசியாக நிறுத்திய நாடு அல்ஜீரியா, 2021இல்.

அந்தக் கணக்கெடுப்பை யாருக்கும் விற்க முடியாது. வாங்கவும் ஆள் வரமாட்டார்கள். அதனால்தான் அது பொதுப் பணத்தில் நடக்க வேண்டியிருக்கிறது.

நிறுவனங்களிடமும் நேர்மையான விஞ்ஞானிகள் இருக்கிறார்கள் என்றார் நண்பர். இருக்கிறார்கள், நான் மறுக்கவில்லை. ஜப்பானின் மினமாட்டாவில், 1956இல் ஓர் இனம் தெரியாத நரம்பு நோய் வெளிப்பட்டது. அங்கிருந்த ரசாயனத் தொழிற்சாலையின் மருத்துவமனையை நடத்திய டாக்டர் ஹோசோகாவா, 1959இல் ஆலைக் கழிவுநீரைப் பூனைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 400ஆம் எண் பூனைக்கு அதே நோய் வந்தது, அதே வலிப்பு, அதே தள்ளாட்டம். அவர் நேர்மையான மனிதர். ஆனால் ஆய்வகம் நிறுவனத்துடையது. சோதனையை நிறுத்தச் சொன்னார்கள், முடிவை வெளியே விடவில்லை. 1968 வரை கழிவு கடலுக்குப் போனது, மீனில் பாதரசம் ஏறியது, தாயின் வயிற்றில் இருந்த பிள்ளைகளுக்கும் இறங்கியது. சாகும் தறுவாயில், 1970இல்தான் அந்த மருத்துவர் படுக்கையில் இருந்தபடி சாட்சி சொன்னார்.

இந்த இடத்தில் நானும் நேர்மையாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஜப்பான் அரசு மட்டும் என்ன செய்தது? நோய்க்குக் காரணம் அந்த ஆலைதான் என்று அதிகாரபூர்வமாகச் சொல்லப் பன்னிரண்டு ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. மன்னிக்க முடியாத தாமதம். ஆனால் அரசு பேசவில்லை என்றால் ஏன் பேசவில்லை என்று கேட்க மக்களுக்கு உரிமை இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது, தேர்தல் இருக்கிறது. பூட்டிய அலமாரியில் கிடந்த 400ஆம் பூனையைப் பற்றி யார் போய்க் கேட்பது? அப்படி ஒரு பூனை இருந்ததே வெளியே தெரியாதே!

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கனடா அரசு 1968இல் ஒன்டாரியோ மாகாணத்தின் காட்டுக்குள் சின்னச் சின்ன ஏரிகளை ஆய்வுக்கென்றே ஒதுக்கியது. அந்தக் காலத்தில் ஏரிகள் பாசி பிடித்துச் செத்துக்கொண்டிருந்தன. சலவைத்தூளில் இருக்கும் பாஸ்பரஸ்தான் காரணம் என்றார்கள் சிலர். இல்லை, கார்பன்தான் என்றது சலவைத்தூள் தொழில். டேவிட் ஷிண்ட்லரும் கூட்டாளிகளும் 1973இல் 226ஆம் எண் ஏரியின் இடுப்பில் ஒரு திரை போட்டு அதை இரண்டாகப் பிரித்தார்கள். இரண்டு பக்கமும் கார்பனும் நைட்ரஜனும் சேர்த்தார்கள். ஒரு பக்கம் மட்டும் கூடவே பாஸ்பரஸ். மேலிருந்து எடுத்த படத்தில் ஒரு பாதி தெளிந்த கருநீலம், பாஸ்பரஸ் சேர்த்த மறுபாதி பச்சைக் குழம்பு. அதற்குப் பிறகு வாதம் எடுபடவில்லை. ஒரு முழு ஏரியை ஆய்வுக்கு விட்டுக்கொடுக்க எந்த நிறுவனத்துக்கு மனம் வரும்?

2012இல் அதே கனடா அரசு, செலவைக் குறைக்கிறோம் என்று சொல்லி அந்த ஏரிகளைக் கைகழுவப் பார்த்தது. மக்களும் விஞ்ஞானிகளும் விடவில்லை. 2014இல் ஓர் அரசு சாரா நிறுவனம் பொறுப்பேற்றது. பார்த்தீர்களா, தனியார்தானே காப்பாற்றினார்கள் என்று நண்பர் குறித்துக்கொள்வது தெரிகிறது. ஐயா, அந்த நிறுவனம் நடத்துவதற்கும் அரசுப் பணம்தான் தேவைப்பட்டது.

கடைசியாக நண்பரிடம் ஒரு கேள்வி. அண்டார்டிகாவில் ஹாலி என்ற இடத்தில் பிரிட்டிஷ் அரசுப் பணத்தில் நடக்கும் நிலையம் ஒன்று இருக்கிறது. 1957 முதல் அங்கே தலைக்கு மேலே இருக்கும் ஓசோனை அளந்தார்கள். வருடக்கணக்காகப் புதுமை ஒன்றும் இல்லை. மாறாத எண்ணையே திரும்பத் திரும்ப எழுதினார்கள். 1970களின் பிற்பகுதியில் வசந்த காலத்து எண் சரிய ஆரம்பித்தது. ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் மூவரும் 1985இல் அதை உலகுக்குச் சொன்னபோது, மூன்றில் ஒரு பங்கு ஓசோன் போயிருந்தது. தோல் புற்றுநோயையும் கண்புரையையும் கொண்டுவரும், கடலின் நுண்ணுயிர்களைக் கருக்கும் கதிர்களைத் தடுத்து நிற்பது அந்த ஓசோன்தான். இரண்டே ஆண்டில், ஓசோனைக் கெடுக்கும் ரசாயனங்களைக் கட்டுப்படுத்த மாண்ட்ரியலில் உலக நாடுகளின் உடன்பாடு கையெழுத்தானது. பழைய எண்கள் கையில் இல்லாமல் இருந்திருந்தால், சரிந்தது என்று எதை வைத்துச் சொல்லியிருப்பார்கள்?

ஒன்றும் நடக்காத அந்த முதல் இருபது ஆண்டுகளுக்கு, பனியில் நின்று அளந்தவருக்கு எந்த நிறுவனம் சம்பளம் கொடுத்திருக்கும்? எதிரணியில் அடுத்துப் பேச வரும் நண்பர் ஒரு பெயர் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.