கல்யாணப் பத்திரிகைக்கு அலங்கார எழுத்தே!

நடுவர் அவர்களே, பாளையங்கோட்டைப் பெருமக்களே, வணக்கம்.

கல்யாணப் பத்திரிகைக்குப் பொருத்தம் அலங்கார எழுத்தா, சாதாரண அச்செழுத்தா? இதுதான் தலைப்பு. எதிரணி அண்ணாச்சி அச்செழுத்துக்காக முழங்கிட்டு உக்காந்திருக்காங்க. "வளைச்சு வளைச்சுப் போட்டா, மண்டபம் வண்ணார்பேட்டையா, பேட்டையான்னு தெரியாம சொந்தக்காரன் பந்தியைக் கோட்டை விட்டுருவான்"னு சொல்லி கைதட்டலும் வாங்கிட்டாங்க.

நியாயம்தான். மண்டபத்தையும் முகூர்த்த நேரத்தையும் சுழி எழுத்துல போடுங்கன்னு எங்க அணியில யாரு சொன்னா? சின்ன அளவுல போட்டா மெல்லிசான கோடெல்லாம் காணாமப் போயிரும். அது போட்டவர் குத்தம். நாங்க கேக்கது பொண்ணு மாப்பிள்ளை பேருக்கு மட்டும்.

பத்தமடைக்குப் போய்ப் பாருங்க. கல்யாணப் பாயில மணமக்கள் பேரையே கோரையில நெய்து தாராங்க. படிக்கவா? தன் பேரு பொண்ணுக்குத் தெரியாதா? பாத்துப் பாத்துச் சந்தோசப்படத்தானே!

அலங்காரம்னா இஷ்டத்துக்குக் கிறுக்குறதுன்னும் ஒரு பேச்சு வந்துச்சு. ஜெர்மனியில ஹெர்மன் சாப்ஃப்னு ஒரு எழுத்துக் கலைஞர். அவரு கையெழுத்து அழகு 1998-ல 'சாப்ஃபினோ'ங்கிற எழுத்துருவா, அதான் கணினி ஃபாண்ட்டா வந்துச்சு. பேனா பிடிச்சு எழுதினா ஒரே எழுத்து ரெண்டு தடவை ஒண்ணுபோல விழாதுல்லா? அதுக்காகவே ஒரே எழுத்துக்குப் பல வடிவம் அதுல உண்டு. பக்கத்துல யாரு நிக்கான்னு பாத்து வால் நீளும், சுருங்கும். இதுவா கிறுக்கல்? ஆனா ஒண்ணு, அதையே எடுத்து எல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்தா அடிச்சா வாலும் வாலும் சிக்கிக்கிடும். நம்ம ஊருப் பத்திரிகையில அந்தக் கூத்தும் நடக்கு.

"அது வெள்ளைக்காரன் எழுத்து, தமிழுக்கு எதுக்கு?" அப்பிடின்னா நம்ம 'நெல்லை'யையே எடுத்துக்கிடுவோம். முந்தி அந்த 'லை'க்குத் தலைக்கு மேல யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவு உண்டு. பழைய கடைப் பலகையில இன்னும் கெடக்கு. 1978-ல எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்து தும்பிக்கை போச்சு. பாடப்புத்தகத்துக்கு அதுதான் சரி, பிள்ளைகளுக்கும் தட்டச்சுக்கும் லேசு. நான் குறை சொல்லல. ஆனா அவ்வளவு அழகான வளைவு பத்திரிகைக்குக்கூட ஆகாதா? இப்ப உள்ள எழுத்துருவுல ரெண்டு வடிவத்தையும் சேத்தே வைக்கலாம். கணினியில தட்டுறது அதே 'லை'தான். வேண்டியவங்க பழசை எடுத்துக்கிடலாம், வேண்டாதவங்க விட்டுரலாம். பொண்ணு பேரு கலைச்செல்வின்னு வைங்க. அந்த 'லை' தும்பிக்கையைத் தூக்கிக்கிட்டு நிக்கதை நெனைச்சுப் பாருங்க!

மணி அடிச்சிட்டாங்க. நடுவர் அவர்களே, இன்னும் ஒரே நிமிசம். எதிரணி அண்ணாச்சி தன் மகள் கல்யாணத்துக்குக் குடுத்த பத்திரிகை இந்தா என் கையில இருக்கு. மண்டபம், நேரம் எல்லாம் அச்செழுத்து. பொண்ணு பேரு மட்டும் தங்க மையில, சுழிச்சு சுழிச்சு. வாங்கிப் பாத்துட்டுத் தீர்ப்பை எழுதுங்க.