ஒரு சன்னலைப் பார்க்க லேகாக் வரை

[காட்சி: மங்கலான நீண்ட அறை. எதிரே வெளிச்சம் நிறைந்த சன்னல். ஈயப் பட்டைகளில் கோத்த சிறு சிறு கண்ணாடிகள்.]

இந்தச் சன்னலைக் கொஞ்ச நேரம் பாருங்கள். பெரிய அலங்காரம் எதுவும் இல்லை. ஆனால் உங்கள் வீட்டில் இருக்கும் கல்யாண ஆல்பம், தாத்தாவின் பழைய போட்டோ எல்லாவற்றுக்கும் இந்தச் சன்னலோடு ஓர் உறவு இருக்கிறது.

இங்கிலாந்தின் தென்மேற்கில் வில்ட்ஷைர் மாவட்டம். அங்கே லேகாக் என்று ஒரு சின்னக் கிராமம். அதன் ஓரத்தில் லேகாக் ஆபி என்ற பழைய மாளிகை. 1835 ஆகஸ்டில் இந்த வீட்டுக்காரர் வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட், சன்னலுக்கு எதிரே ஒரு குட்டி மரப்பெட்டியை வைத்தார். பெட்டியின் முன்பக்கம் ஒரு லென்ஸ், உள்ளே ஒரு துண்டுக் காகிதம், அவ்வளவுதான். வீட்டில் அங்கங்கே கிடந்த இந்தப் பெட்டிகளை அவருடைய மனைவி கான்ஸ்டன்ஸ் 'எலிப்பொறி' என்றுதான் சொல்வாராம்.

[காட்சி: சாப்பாட்டு உப்பு, கிண்ணத்தில் தண்ணீர், காகிதம், தூரிகை.]

அந்தக் காகிதத்தில்தான் விஷயமே இருக்கிறது. முதலில் அதைச் சாதாரண உப்புத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்தார். பிறகு சில்வர் நைட்ரேட் கரைசலைத் தூரிகையால் தடவினார். இரண்டும் சேர்ந்தால் சில்வர் குளோரைடு உண்டாகும். வெளிச்சம் பட்டால் அது கறுக்கும். அதனால் வெளிச்சம் வந்த கண்ணாடிகள் கறுப்பாகவும், அவற்றைப் பிடித்திருந்த பட்டைகள் வெளுப்பாகவும், எல்லாமே மாறிப்போய் ஒரு படம் விழுந்தது. அளவு? ஏறக்குறைய ஒரு தபால்தலைதான். படம் புதிதாக இருந்தபோது பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் சுமார் 200 கண்ணாடிச் சதுரங்களையும் எண்ண முடிந்தது என்று அதன் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறார். இன்று உலகில் மிஞ்சியிருக்கும் கேமரா நெகட்டிவ்களில் மிகப் பழையது இதுதான்.

இவ்வளவுக்கும் காரணம், அவருக்குப் படம் வரைய வரவில்லை என்பதுதான். 1833இல் இத்தாலியின் கோமோ ஏரிக்கரையில் உட்கார்ந்து, கண்ணெதிரே இருந்த காட்சியை வரைய முயன்று தோற்றார். இந்தக் காட்சி தானாகவே காகிதத்தில் பதிந்துவிட்டால் எப்படி இருக்கும் என்ற ஏக்கம் அங்கே பிறந்தது.

1839இல் பிரான்சில் டாகேர் என்பவர் தன் புகைப்பட முறையை அறிவித்தார். அது உலோகத் தகட்டில் விழும் படம். துல்லியம் அபாரம், ஆனால் ஒரே ஒரு படம்தான் கிடைக்கும். டால்பட்டின் வழியில் ஒரு நெகட்டிவ் இருந்தால் எத்தனை பிரதி வேண்டுமானாலும் போடலாம். ஸ்டுடியோவில் நெகட்டிவைக் கொடுத்து "இன்னும் நாலு காப்பி போடுங்க" என்று கேட்டு வாங்கிய தலைமுறை நாம். அந்த வழக்கம் தொடங்கிய வீடு இது. நம் ஊர்ப் படங்களிலும் இதன் தொடர்ச்சி உண்டு. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் ட்ரைப், 1858இல் மதுரையையும் தஞ்சைப் பெரிய கோயிலையும் எடுத்தது காகித நெகட்டிவில்தான். பெரிய கோயிலின் கல்வெட்டுகளை வரிசையாக எடுத்து, 21 படங்களை ஒட்டி ஒரே நீளப் படமாக்கினார். தஞ்சாவூர்க் கல்லில் இருந்த எழுத்து இப்படிக் காகிதத்துக்கு வந்ததை நினைத்துக்கொண்டு இந்தச் சன்னல் முன்னால் நின்றால் மனசு கொஞ்சம் கனக்கத்தான் செய்கிறது.

[காட்சி: கிராமத் தெரு. கல்வீடுகள், மரச்சட்டம் தெரியும் சுவர்கள், வளைந்துபோன கூரை.]

சரி, ஊருக்குள் வருவோம். லண்டன் பாடிங்டன் நிலையத்தில் ரயில் ஏறினால் ஒன்றேகால் மணி நேரத்தில் சிப்பனம். அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர். பேருந்து உண்டு, ஆனால் அடிக்கடி இல்லை. திரும்பும் நேரத்தை முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

நான்கே தெருக்கள், சதுரமாகச் சுற்றி வருகின்றன. வேகமாக நடந்தால் பத்து நிமிடத்தில் ஊர் முடிந்துவிடும். அப்படி நடக்காதீர்கள். மேலே பாருங்கள்: மின்கம்பி இல்லை, டிவி ஆன்டெனா இல்லை. அதனால்தான் பழங்காலக் கதைகளைப் படமெடுக்கிறவர்கள் இங்கே திரும்பத் திரும்ப வருகிறார்கள்.

ஏன் இந்த ஊர் மட்டும் மாறவில்லை? ஒரு காலத்தில் இது கம்பளித் தொழிலால் செழித்த ஊர். அந்தத் தொழில் நொடித்தபோது, புது வீடு கட்ட யாரிடமும் பணம் இல்லை. ஊர் முழுக்க ஒரே குடும்பத்தின் சொத்தாக இருந்ததால், துண்டு துண்டாக விற்று இடிக்கவும் வழியில்லை. 1944இல் டால்பட்டின் பேத்தி மட்டில்டா, மாளிகையையும் ஊரையும் சேர்த்து நேஷனல் டிரஸ்ட் என்ற பாதுகாப்பு அமைப்புக்குக் கொடுத்துவிட்டார். வறுமை காத்ததை அவர் சட்டப்படி காக்க வைத்தார். என் கண்ணில் இந்தக் குடும்பம் செய்த காரியங்களில் போட்டோவுக்கு அடுத்தது இதுதான்.

[காட்சி: விடுதியின் பழைய அடுப்பங்கரை. சுவரில் மரச் சக்கரம்.]

ஜார்ஜ் இன் என்ற விடுதிக்குள் போனால், பெரிய கணப்புப் பக்கம் பாருங்கள். ஒரு மரச் சக்கரம் தெரியும். அந்தக் காலத்தில் அதற்குள் ஒரு நாய் ஓடும். ஓட ஓடச் சக்கரம் சுழலும். அதோடு பிணைத்த கம்பியில் கோத்த இறைச்சி நெருப்பின் முன்னால் சீராகத் திரும்பி வேகும். இந்த வேலைக்கென்றே குட்டைக் கால், நீள உடம்போடு ஒரு நாய் இனம் வளர்த்தார்கள். இயந்திரம் வந்தது, அந்த இனமே அற்றுப்போனது. தீயின் பக்கத்தில் மணிக்கணக்காக ஓடிய அந்த நாய்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

அப்புறம், 14ஆம் நூற்றாண்டுக் களஞ்சியம். மடத்து நிலத்தை உழுதவர்கள் கட்டவேண்டிய குத்தகையைத் தானியமாக, ஆட்டு ரோமமாக, தோலாக இங்கே கொண்டுவந்து கொட்டினார்கள். நம் கோயில் நெற்களஞ்சியங்களைப் பார்த்தவர்களுக்கு அந்த உயரமான இருட்டு அந்நியமாகத் தோன்றாது. ஒட்டினாற்போல் கல்லால் கட்டிய ஒரு குட்டி அறை இருக்கிறது, குவிமாடக் கூரையோடு. குடித்துக் கலாட்டா செய்தவர்களை ராத்திரி அடைத்து வைத்த இடம்.

மடம் என்றேன் அல்லவா? மாளிகைக்கு முன்னால் அது பெண் துறவிகளின் மடம். கணவரை இழந்த சாலிஸ்பரி சீமாட்டி ஈலா 1232இல் அதை நிறுவினார். வில்ட்ஷைரின் ஷெரிஃபாகவே, அதாவது மன்னரின் மாவட்ட அதிகாரியாகவே, பதவி வகித்தவர். அந்தக் காலத்தில் ஒரு பெண்ணுக்கு அது எவ்வளவு அபூர்வம்! பின்னாளில் அவரே இங்கே மடத் தலைவியும் ஆனார். இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது 1539இல் இதுவும் மூடப்பட்டது. வாங்கிய வில்லியம் ஷாரிங்டன் தேவாலயத்தை இடித்தார். ஆனால் துறவிகள் நடந்த கல் தாழ்வாரத்தைத் தொடவில்லை. இன்றும் அதில் நடக்கலாம். பக்கத்து அறை ஒன்றில், 1500ஆம் ஆண்டு வார்த்த பிரமாண்டமான வெண்கல அண்டா இருக்கிறது.

[காட்சி: புல்வெளி, ஆடுகள், நிமிர்ந்து நிற்கும் பெருங்கற்கள்.]

ஒரு நாள் கூடுதலாக இருந்தால் சுற்றுவட்டாரத்துக்கும் போகலாம். அருகிலேயே போவுட் மாளிகை. 1774 ஆகஸ்ட் 1 அன்று விஞ்ஞானி ஜோசஃப் ப்ரீஸ்ட்லி, பாதரச ஆக்சைடை லென்ஸால் குவித்த வெயிலில் சூடாக்கி, இன்று ஆக்சிஜன் என்று நாம் சொல்லும் வாயுவைப் பிரித்தது அங்கேதான். டிவைசஸ் ஊரில் கால்வாய் ஒன்று, படகுகளை ஏற்றி இறக்கும் 29 மதகுகளில் படிப்படியாக மலையேறுகிறது. அதில் 16 மதகுகள் ஒரே நேர்க்கோட்டில்.

ஆனால் ஒரே இடத்துக்குத்தான் நேரம் என்றால், கிழக்கே சுமார் 25 கிலோமீட்டரில் உள்ள ஏவ்பரிக்குப் போங்கள். உலகின் மிகப் பெரிய கல்வட்டம் அது. நான்காயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழையது. எவ்வளவு பெரியது என்றால், ஊரின் ஒரு பகுதியே வட்டத்துக்குள் இருக்கிறது. சாலையும் அதைக் கிழித்துக்கொண்டு போகிறது. இதே மாவட்டத்தின் புகழ்பெற்ற கல்வட்டமான ஸ்டோன்ஹெஞ்சில் பொதுவாகக் கயிறு கட்டிய பாதையில் நின்றுதான் பார்க்க முடியும். இங்கே கல்லின் மேல் உள்ளங்கையை வைக்கலாம். வெயில் படும் பக்கம் சூடு, மறுபக்கம் ஈரம், நடுவே பாசி. காலடியில் ஆடு மேய்கிறது.

மத்திய காலத்தில் இந்தக் கற்களில் பலவற்றைக் குழி தோண்டிப் புதைத்தார்கள். 1938இல் அப்படி ஒரு கல்லைத் தூக்கியபோது அடியில் ஒரு மனிதனின் எலும்புக்கூடு. கூடவே கத்தரிக்கோல், 14ஆம் நூற்றாண்டின் தொடக்கக் காலக் காசுகள். முடிதிருத்தும் வைத்தியராக இருக்கலாம் என்று கருதினார்கள்.

[காட்சி: மாலை. லேகாக் ஓடையின் குறுக்கே சிறிய கல் பாலம்.]

கடைசியாக ஒரு வேண்டுகோள். லேகாக் வீடுகளில் வாடகைக்குக் குடியிருப்பவர்கள் உண்டு. சன்னலில் முகம் வைத்து உள்ளே எட்டிப் பார்க்காதீர்கள். மாளிகைக்குத்தான் டிக்கெட், தெருவில் நடக்கக் கட்டணம் இல்லை. முடிந்தால் ஓர் இரவு தங்குங்கள். சுற்றுலாப் பேருந்துகள் கிளம்பிய பிறகு ஓடைப் பக்கம் நடந்து போனால், தண்ணீர்ச் சத்தமும், வீடு திரும்புகிறவர்களின் காலடிச் சத்தமும் மட்டும் கேட்கும்.