கோப்பி விளைகிற மண்ணில் கோப்பி மாநாடு

(மட்டக்களப்பில் நடைபெற்ற பொதுக்கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, வயல் வேலையையும் கடல் வேலையையும் ஒரு பொழுது ஒதுக்கிவைத்துவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, பல்கலைக்கழக மாணவர்களே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

சுற்றுலாவும் மாநாட்டு வணிகமும் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டார்கள். பாசிக்குடாவில் ஹோட்டல்கள் இருக்கின்றன, வெளிநாட்டு மாநாடுகளை இங்கே வரவழைத்தால் எவ்வளவு காசு புழங்கும் என்று நான் கணக்குச் சொல்வேன் என எதிர்பார்த்திருப்பார்கள். அந்தக் கணக்கில் எனக்குப் பெரிய ஈடுபாடு இல்லை. அறை வாடகையும் வாகன வாடகையும் விருந்துச் செலவும் மாநாடு எங்கே நடந்தாலும் அங்கே யாருக்கோ கிடைக்கத்தான் போகின்றன. ஒரு பொருளை விளைவிக்கிற நாடு, அந்தப் பொருளைப் பற்றிய உலக மாநாட்டைத் தன் மண்ணில் நடத்தவேண்டும் என்று கேட்பதற்கு இதைவிட வலுவான நியாயம் உண்டு. அதைக் கோப்பியை வைத்துச் சொல்லப்போகிறேன். மரண வீட்டில் விடிய விடியக் கோப்பி ஊற்றுகிற ஊர் இது. தடிமன் பிடித்தால் மல்லியும் வேர்க்கொம்பும் சேர்த்து இடித்த தூளைத் தேடுகிறவர்கள் நாங்கள். ஆகவே பேச்சு அந்நியமாக இருக்காது.

சர்வதேச கோப்பி அமைப்பு 1963 இல் தொடங்கப்பட்டது. தலைமையகம் லண்டன். விளைவிக்கும் நாடுகளும் வாங்கும் நாடுகளும் அதில் உறுப்பினர்கள். 2007 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி ஏற்றுமதி செய்கிற நாடுகளுக்கு மொத்தம் 1000 வாக்குகள், இறக்குமதி செய்கிற நாடுகளுக்கும் மொத்தம் 1000 வாக்குகள். பார்ப்பதற்கு நல்ல நீதிதான். ஆனால் வாக்குக் கணக்கில் வராத சங்கதிகள் இருக்கின்றன: எந்த ஊரில் கூடுகிறோம், எந்த மொழியில் பேசுகிறோம், நிகழ்ச்சி நிரலில் எது முதலில் வருகிறது, யாருக்கு விசா கிடைக்கிறது. மலைச்சரிவில் இரண்டு ஏக்கர் வைத்திருக்கிற விவசாயி ஒருவர் ஐரோப்பிய நகரமொன்றுக்குப் போக விண்ணப்பித்தால் அழைப்புக் கடிதம் கேட்பார்கள், வங்கிக் கணக்கைக் கேட்பார்கள், காணி உறுதியைக் கேட்பார்கள், திரும்பி வருவீர்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம் என்றும் கேட்பார்கள். வெளிநாட்டு விசாவுக்காகக் கொழும்பில் வரிசையில் நின்றவர்கள் இந்த மண்டபத்தில் நிறையப் பேர் இருப்பீர்கள். விளக்கம் தேவையில்லை.

முதலாவது உலகக் கோப்பி மாநாடு 2001 மே மாதத்தில் லண்டனில் நடந்தது. அந்த ஆண்டைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நாடுகளுக்கு ஏற்றுமதிப் பங்கு ஒதுக்கி விலையைத் தாங்கிப் பிடித்த ஏற்பாடு 1989 இல் முறிந்துவிட்டது. அதன்பின் ஏறியும் இறங்கியும் வந்த விலை, 2001 முடிவதற்குள் ஒரு இறாத்தலுக்கு 50 அமெரிக்க சதத்துக்கும் கீழே போனது. பறிகூலிக்கே கட்டுப்படியாகாத விலை அது. நிக்கரகுவாவில் தோட்டங்கள் மூடப்பட்டு, வேலையிழந்த குடும்பங்கள் பிள்ளை குட்டிகளோடு தெருவோரத்தில் கூடாரமடித்துக் கிடந்தன. அந்த நெருக்கடியைப் பற்றிப் பேசிய இடமோ லண்டன். பேசியவர்களைக் குறைசொல்ல நான் வரவில்லை. ஆனால் தெருவோரத்தில் கிடந்தவர்களில் ஒருவர் எழுந்து அந்த மேடைக்குப் போய்ச் சேருவதற்கு வழியே இருக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்த மாநாடுகள் எல்லாம் விளைகிற நாடுகளுக்கே போயின. 2005 இல் பிரேசிலின் சல்வடோர், 2010 இல் குவாத்தமாலா நகரம், 2016 இல் அடிஸ் அபாபா, 2023 இல் பெங்களூர். ஆபிரிக்காவுக்கு நான்காவது முறைதான் வாய்த்தது. ஆசியாவுக்கு ஐந்தாவது முறை. கோப்பி தயாரிப்போருக்கான உலகப் போட்டி 2000 ஆம் ஆண்டிலிருந்து நடக்கிறது. அதுவும் 2011 இல்தான் முதன்முதலாக விளைகிற நாடொன்றுக்கு, கொலம்பியாவின் பொகோட்டாவுக்குப் போனது. அந்த வருடம் வென்றவர் எல் சல்வடோரைச் சேர்ந்த அலெஹாந்த்ரோ மெண்டஸ். விளைகிற நாடொன்றிலிருந்து அந்தப் பட்டத்தை எடுத்த முதல் ஆள் அவர். இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்று நான் நிரூபிக்க முடியாது. இருந்தாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

இலங்கையராகிய நமக்கு இந்த விஷயம் விளங்குவதற்கு ஒரு வசதி உண்டு. தேயிலை ஏலம் கொழும்பில் 1883 இலிருந்து நடந்து வருகிறது. லண்டன் ஏலம் 1998 இல் மூடப்பட்டது. கொழும்பு ஏலம் தொடர்கிறது. கோப்பியில் அரபிக்கா, ரொபஸ்டா என்று இரண்டு முக்கிய வகைகள். அடிப்படை விலை அரபிக்காவுக்கு நியூயோர்க்கிலும், ரொபஸ்டாவுக்கு லண்டனிலும்தான் பிறக்கிறது. 2025 பெப்ரவரியில் அரபிக்கா இறாத்தலுக்கு 4 டொலரையும் தாண்டியது. 50 சதமும் 4 டொலரும் ஒரே பயிருக்கு, ஒரே தலைமுறைக்குள். இந்த ஆட்டத்தைத் தாங்க வேண்டியவர் பறிக்கிறவர்தான்.

எத்தியோப்பியாவைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். அரபிக்காவின் தாயகம் அந்த நாட்டின் தென்மேற்குக் காடுகள். அங்கிருந்து யெமனுக்குப் போய், இரவு வணக்கத்துக்கு விழித்திருந்த சூபிகளின் பானமாகி, பிறகே உலகம் சுற்றியது. இன்றும் விளைகிறதில் ஏறக்குறையப் பாதியை அந்த மக்களே குடிக்கிறார்கள். ஒரு வீட்டில் கோப்பி வைப்பதைப் பார்த்தால் ஏன் என்று புரியும். தரையில் பசும்புல் பரப்புகிறார்கள். பெண் ஒருவர் பச்சைக் கொட்டையைக் கழுவி, கரி அடுப்பில் தட்டையான சட்டியை வைத்து வறுக்கிறார். கொட்டை வெடித்து எண்ணெய் மினுங்கத் தொடங்கியதும் சட்டியைத் தூக்கிக்கொண்டு விருந்தினர் ஒவ்வொருவர் முன்னாலும் வருகிறார். புகையைக் கையால் தன் பக்கம் வாரி முகர்ந்து பார்ப்பது வந்தவரின் கடமை. பிறகு உரலில் இடித்து, ஒடுங்கிய கழுத்துள்ள கறுப்பு மண் கூசாவில் கொதிக்கவிட்டு, பிடியில்லாத சிறு கோப்பைகளில் உயரத்திலிருந்து ஊற்றுகிறார். அதே தூளில் மூன்று சுற்று. முதல் சுற்றோடு எழுந்து போகிறவரை யாரும் மதிக்க மாட்டார்கள். ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. அவசரக்காரருக்கு அங்கே கோப்பி இல்லை.

இப்படிப்பட்ட நாடு, மாநாட்டை என்னிடம் தாருங்கள் என்று கேட்டால் அது வெறும் பெருமைக்கான கேள்வி என்று நினைக்கலாம். அடிஸ் அபாபாவில் ஆபிரிக்க ஒன்றியத்தின் தலைமையகம் இருக்கிறது. நாட்டின் சொந்த விமானச் சேவை ஆபிரிக்காவிலேயே பெரியது. வசதிக் குறைவு என்று யாரும் தட்டிக்கழிக்க முடியாது. அதைவிட முக்கியமானது, வாங்குகிறவர் பார்க்கவேண்டியவை அங்கே இருக்கின்றன. ஒரே கிளையில் பச்சைக்காயும் மஞ்சளும் சிவப்பும் கலந்து நிற்கும். சிவந்ததை மட்டும் கையால் கொய்து, மற்றதற்கு மறுபடியும் மறுபடியும் அதே மரத்துக்கு வரவேண்டும். பழத்தைப் பரணில் பரப்பி, வாரக் கணக்காகக் கிளறி, மத்தியான வெயிலுக்கும் இரவுப் பனிக்கும் மூடி, பழுதானதைப் பெண்கள் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிகிறார்கள். ஐந்தாறு கிலோ பழம் ஒரு கிலோ கொட்டையாகிறது. இதைக் கண்ணால் பார்த்த வியாபாரி மனமிரங்கி விலையைக் கூட்டிவிடுவார் என்று நான் சொல்லவில்லை. வியாபாரி வியாபாரிதான்.

இங்கே உங்களில் சிலர் மனதில் ஒரு மறுப்பு எழுந்திருக்கும். நெல் வியாபாரி நம் வட்டைக்கே லொறியோடு வருகிறாரே! வரம்பில் நின்று, கையை மூடைக்குள் விட்டு, இரண்டு மணியைப் பல்லில் கடித்துப் பார்த்து, ஈரம் கூட என்று சொல்லி, மூடைக்கு இவ்வளவு கழி என்கிறாரே. அவர் நம் மண்ணுக்கு வந்துவிட்டதால் நமக்கு என்ன கிடைத்தது? மறுப்பு சரியானது. வியாபாரி வயலுக்கு வருகிறார், ஆனால் அளவுகோலைக் கையோடு கொண்டுவருகிறார். மாநாடும் அப்படித்தான். இடம் மட்டும் மாறி, நிரலை எழுதுகிற கை மாறாவிட்டால், ஐந்து நட்சத்திர ஹோட்டலின் வாசலில் காவலாளி நிற்பார், விவசாயி கேட்டுக்கு வெளியே நிற்பார், உள்ளே விவசாயியின் வருமானத்தைப் பற்றி உரை நடக்கும்.

அளவுகோலை மாற்ற எத்தியோப்பியா முயன்றது உண்டு. யிர்காச்செஃபே, ஹரார், சிடாமோ என்ற தன் ஊர்ப் பெயர்களை அமெரிக்காவில் தன்னுடைய வணிகக் குறிகளாகப் பதிவுசெய்ய 2005 இல் விண்ணப்பித்தது. அமெரிக்கக் கோப்பி வணிகர்களின் தேசியச் சங்கம் எதிர்த்தது. அந்தப் பெயர்களில் கோப்பி விற்ற ஸ்டார்பக்ஸ் நிறுவனத்தோடு இழுபறி நீண்டு, 2007 இல் உடன்பாடு வந்தது. பெயர் யாருடையது என்பதை அந்த நிறுவனம் ஏற்றுக்கொண்டது. 2016 இல் உலகை வரவேற்றது, தன் பெயருக்காக இப்படி வழக்காடிய ஒரு நாடு. இதை நான் பெரிதாக மதிக்கிறேன். இன்று ஐரோப்பிய ஒன்றியம் 2023 இல் கொண்டுவந்த சட்டமொன்று, 2020 டிசம்பர் 31 இற்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்த கோப்பியைத் தன் சந்தைக்குள் விடமாட்டேன் என்கிறது. நான்கு ஹெக்டேயருக்கு மேற்பட்ட காணியென்றால் எல்லைக்கோடு முழுவதையும் செய்மதி அளவையோடு காட்டவேண்டும். குறைந்ததென்றால் ஒரு புள்ளி. சட்டத்தின் நோக்கத்தோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அந்தப் புள்ளியை யார் செலவில் வைப்பது என்ற கேள்வி, காணிக்காரர் முன்வரிசையில் இருக்கிற மண்டபத்தில் எழும்; மற்ற மண்டபங்களில் அது கடைசி நாள் தேநீர் வேளைக்குத் தள்ளிப் போகும்.

பாதுகாப்பு என்று இன்னொரு தடை சொல்வார்கள். மறைக்கவேண்டியதில்லை: 2016 மார்ச்சில் அடிஸ் அபாபாவில் மாநாடு நடந்தபோது, கோப்பி நிறைய விளைகிற ஒரோமியா மாநிலத்தில் மக்கள் போராட்டமும் அடக்குமுறையும் நடந்துகொண்டிருந்தன. அப்படியானால் அங்கே போயிருக்கக் கூடாதா? போகாமல் விட்டால் தண்டனை விவசாயிக்குத்தான். போய்விட்டு அதைப் பற்றி வாய் திறக்காமல் வருவதும் சரியல்ல. போர்க்காலத்தில் நம் மாவட்டத்தின் பெயரைக் கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்ட எத்தனை பேரை நாம் கண்டிருக்கிறோம்!

இந்தியாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2023 செப்டம்பரில் மாநாடு பெங்களூரில் நடந்தது. அந்நாட்டுக் கோப்பி வாரியத்தின் தலைமையகம் அந்த நகரத்தில்தான். நாட்டின் கோப்பியில் பெரும்பகுதி விளைகிற குடகும் சிக்மகளூரும் பஸ்ஸில் போகிற தூரம். விளம்பரத் தூதர் குடகைச் சேர்ந்த டென்னிஸ் வீரர் ரோகன் போபண்ணா. இடத்தேர்வு புத்திசாலித்தனமானது. தலைநகரத்தைப் பிடித்துத் தொங்காமல், விளைச்சலுக்குப் பக்கத்தில் வைத்தார்கள்.

நம் நாடும் ஒரு காலத்தில் கோப்பி நாடுதான். 1869 இல் இலைத்துரு நோய் வந்தது. 1880 இல்தான் ஹரி மார்ஷல் வார்டு என்ற அறிஞரை அனுப்பினார்கள். இரண்டு ஆண்டுகள் ஆராய்ந்து, பூஞ்சண வித்துக் காற்றில் பரவுகிறது என்று காட்டினார். அதற்குள் நேரம் போய்விட்டது. மலையெல்லாம் தேயிலை ஆனது. அதே நோய் 1970 இல் பிரேசிலையும் 2012 இல் மத்திய அமெரிக்காவையும் பிடித்தது. துரைமார்களின் நட்டமும் வங்கி முறிந்த கதையும் பதிவாகியிருக்கின்றன. மன்னாரில் இறங்கி மாத்தளை வழியாக நடந்து வந்து, கோப்பிக்காக மலை ஏறிய தமிழ்த் தொழிலாளர் நோயுற்ற இலையை முதலில் கண்டிருப்பார்கள். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று யாரும் கேட்டு எழுதி வைத்ததாகத் தெரியவில்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். நெல்லைப் பற்றியோ மீனைப் பற்றியோ பெரிய மாநாடு ஒன்றை மட்டக்களப்புக்கோ அம்பாறைக்கோ கொண்டுவரப்போகிறோம் என்று யாராவது வந்தால், மண்டபத்தைக் காட்டுவதற்கு முன் தேதியைப் பேசுங்கள். அடிஸ் அபாபா மாநாடு மார்ச்சில், அறுவடை ஓய்ந்த பிறகு. பெங்களூர் மாநாடு செப்டம்பரில், அறுவடைக்கு முன். அதனால் வாங்குகிறவர்கள் பறிப்பைப் பார்க்க முடியாமல் போயிருக்கும். சற்று முன் பறிப்பைப் பார்க்கவேண்டும் என்று சொன்னவன் நானே. ஆனால் பறிப்பு நாளில் வைத்தால் பறிக்கிறவர் வரமுடியாது. இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால், விவசாயி வரட்டும். வியாபாரிக்குப் படம் காட்டிக்கொள்ளலாம்.

ஆகவே பெரும்போக அறுவடையில் வைக்கவேண்டாம். வைகாசிக் கண்ணகி அம்மன் சடங்கு முடிந்து, சிறுபோகம் அறுக்கத் தொடங்குவதற்கு முன் கொஞ்சம் இடைவெளி இருக்கிறது. அப்போது கடல் அமைதியாக இருக்கும். தொழிலாளர் இரவெல்லாம் கடலில் நின்று, காலையில் கரை சேர்ந்து, மீனை விற்றுவிட்டுத் தூங்குவார்கள். அமர்வுகளைப் பின்னேரம் மூன்று மணிக்குத் தொடங்குங்கள். தமிழிலும் சிங்களத்திலும் மொழிபெயர்ப்பு இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.

நன்றி. கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.